கராஜ் உண்டு, வீடு இல்லை

சென்ற ஆண்டு இறுதியில் ஓர் இலக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். இளைஞர்கள் ஏன் வாசிப்பதில்லை என்பது தலைப்பு. அரங்கில் இருந்த முப்பது பேரில் இளைஞர்கள் என்று பார்த்தால் நானும், ஒலிவாங்கியைக் கவனித்துக்கொண்ட பையனும்தான். பேச்சாளர் நான் மதிக்கும் எழுத்தாளர். நாற்பது நிமிடப் பேச்சில் பாதிக்கு மேல் வீடியோ கேமைத் திட்டினார். "ராத்திரி பூரா காடி ரேஸ் கேம் வெளையாடுறது, அப்புறம் அதே மாதிரி ரோட்டுல எறங்கி ஓட்டிச் சாவுறது. இதான் நம்ம பையன்களோட கதை" என்றார். கைதட்டினார்கள். கேள்வி நேரத்தில் எழுந்து, "எந்த கேமைச் சொல்றீங்க சார்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "எல்லாம் ஒன்னுதான் தம்பி" என்றார். அதற்கு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

யாராவது மேடையேறி, "நாவலா? எல்லாம் ஒன்னுதான்" என்று சொல்லியிருந்தால் அதே அரங்கம் என்ன செய்திருக்கும்? ஒரு நாவலைத் திட்டுவதற்குக்கூட அதை முதலில் வாசிக்க வேண்டும் என்பது நம் சூழலில் குறைந்தபட்ச நாகரிகம். வாசிக்காமல் திட்டுகிறவர்களும் உண்டுதான். ஆனால் அவர்கள் வாசித்ததாகப் பொய்யாவது சொல்வார்கள். கேமுக்கு அந்தப் பொய்கூடத் தேவைப்படவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கேம் மீது உள்ள பாசத்தால் அல்ல. அவர் சொன்ன அந்தப் 'பையன்களில்' ஒருவரை எனக்குத் தெரியும். என் பெரியம்மா மகன். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் கேம். ஏனென்றால் அவரைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் கேமைப் பற்றிப் பேசாமலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

'நீட் ஃபார் ஸ்பீட்: அண்டர்கிரவுண்ட்' 2003 நவம்பரில் வெளிவந்தது. கனடாவின் வான்கூவரில் இயங்கிய 'பிளாக் பாக்ஸ்' என்ற குழு உருவாக்கியது. அந்தக் குழுவை 'எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்' நிறுவனம் 2002இல்தான் வாங்கியிருந்தது. 'நீட் ஃபார் ஸ்பீட்' வரிசை 1994இல் தொடங்கியது. அதுவரை அந்த வரிசையின் கதாநாயகர்கள் ஃபெராரி, லம்போர்கினி, போர்ஷே. வெயிலடிக்கும் மலைப்பாதையிலும் கடலோரச் சாலையிலும் பணக்காரக் கார்களை விரட்டி ஓட்டுவதுதான் அதன் இன்பம். அண்டர்கிரவுண்ட் அந்தக் கார்களை மொத்தமாக வெளியே தள்ளியது. உள்ளே வந்தவை ஹோண்டா சிவிக், மிட்சுபிஷி லான்சர், டொயோட்டா சுப்ரா, ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப், பியூஜோ 206. சுப்ரா, ஸ்கைலைன் போன்ற சிலவற்றை விட்டுவிட்டால், மற்றவை ஒரு பள்ளி ஆசிரியரோ கிராணியோ கடன் போட்டு வாங்கக்கூடிய கார்கள்.

இந்த மாற்றம் வானத்திலிருந்து விழவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2001இல், 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படம் வந்து ஓடியிருந்தது. அந்தப் படத்துக்குப் பின்னால் நியூயார்க் தெருப் பந்தயக்காரர்களைப் பற்றி 1998இல் 'வைப்' இதழில் வந்த ஒரு கட்டுரை இருக்கிறது. அதற்கும் பின்னால் தெற்குக் கலிஃபோர்னியாவில் மலிவான ஜப்பானியக் கார்களை வாங்கித் தங்கள் கையாலேயே மாற்றியமைத்த ஆசிய அமெரிக்க இளைஞர்கள் இருக்கிறார்கள். ஜப்பானில் 'கென்கி' நிறுவனம் 1994இலேயே தோக்கியோவின் ஷூத்தோ விரைவுச்சாலைப் பந்தயத்தை கேமாக எடுத்திருந்தது. ஆக, ஒரு வரலாறு, ஒரு மரபு, ஒரு வர்க்கக் கதை இதில் உண்டு. நம் பேச்சாளர் இதை 'எல்லாம் ஒன்னு' என்றார்.

எனக்கு அப்போது பத்து வயது. 2007. கிள்ளானில் எங்கள் தாமான் கடைவரிசையின் மாடியில் ஒரு சைபர் கபே இருந்தது. மணிக்கு இரண்டு வெள்ளி. கேம் வெளிவந்து நாலு வருஷம் ஆகியும் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அசல் வட்டு என்று ஒன்று இருக்கும் என்பதே எங்களுக்குத் தெரியாது. பெரியம்மா மகனுக்குப் பதினேழு வயது. ஐந்தாம் படிவம் எழுதுவதற்கு முன்பே டயர் கடையில் பகுதி நேர வேலை. அவர்தான் என்னைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, பட்டியலில் லான்சரைக் காட்டி, "டேய், இது யாரு தெரியுதா? நம்ம கீழ் வீட்டு அங்கிளோட வீரா. சட்டையத்தான் மாத்திப் போட்டிருக்கு" என்றார். தவறில்லை. புரோட்டோன் வீரா, மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டு செய்யப்பட்ட கார்தான். பழைய வீராவின் முகத்தையும் பின்புறத்தையும் மாற்றி 'இவோ'வாக ஆக்குவது இங்கே ஒரு தனிக் கலை என்று சாலையில் போகிற எவருக்கும் தெரியும்.

அந்த நொடி எனக்கு என்னவாக இருந்தது என்பதை இலக்கிய வாசகர்கள் புரிந்துகொள்வது சிரமமில்லை. அரசர்களும் ஜமீன்தார்களும் நிறைந்திருந்த கதைக்குள் முதல்முறையாகத் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளி நடந்து வரும்போது வாசகனுக்கு என்ன நேர்ந்ததோ, அதுதான். நம் வீட்டு வாசலில் நிற்கக்கூடிய ஒன்று கதைக்குத் தகுதியானது என்று யாரோ எங்கோ முடிவு செய்திருக்கிறார்கள். யதார்த்தவாதத்தை வாய் ஓயாமல் கொண்டாடுகிற நாம், அது வேறொரு வடிவத்தில் வந்தபோது அடையாளம் காணவில்லை.

சரி, புகழ்ந்தாயிற்று. இப்போது கேமின் மீதான என் புகார். பேச்சாளரின் புகாரை விட இது கடுமையானது என்றே நினைக்கிறேன்.

அண்டர்கிரவுண்டின் நகரத்துக்குப் பெயர் 'ஒலிம்பிக் சிட்டி'. அங்கே எப்போதும் இரவு. விடிவதே இல்லை. சாலை எப்போதும் அப்போதுதான் மழை பெய்து ஓய்ந்ததுபோல ஈரமாக மின்னும். தொடக்க வரிசையைக் கொஞ்சம் பேர் சுற்றி நிற்பதைத் தவிர, நடைபாதையில் மனித நடமாட்டம் கிடையாது. போலீஸ் இல்லை. முழு வேகத்தில் சுவரில் மோதினால் கார் நிற்கும், திரும்பும், போகும். ஒரு கீறல் விழாது. நேர்கோட்டு 'டிராக்' பந்தயத்தில் மட்டும் எதிரே வரும் வண்டியில் மோதினால் கார் காற்றில் புரளும், பந்தயம் முடிந்துவிடும். பொத்தானை அழுத்தினால் அதே கார், பெயிண்ட் கலையாமல், தொடக்கக் கோட்டில். பழுது பார்க்கும் செலவு என்று ஒரு காசு இல்லை. ஆனால் அலங்காரத்துக்குச் செலவு உண்டு. காரின் தோற்றத்துக்கு நட்சத்திர மதிப்பு உண்டு. நட்சத்திரம் கூடினால்தான் புள்ளி பெருகும். எனவே இறக்கை, விளிம்பு, நியான் விளக்கு, ஸ்டிக்கர் என்று வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். காசு பந்தயத்திலிருந்து வருகிறது. கதாநாயகன் பகலில் என்ன வேலை செய்கிறான்? பகலே இல்லாத ஊரில் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

வேகத்தைக் காட்டியது இந்த கேமின் குற்றம் அல்ல. வேகத்துக்கு விலை இல்லை என்று காட்டியதுதான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத விமர்சனம் விமர்சனமே அல்ல.

'அது சும்மா கேம்தானே, எல்லாத்தையும் காட்டணுமா?' என்று என் வயதுக்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். நான் கேட்பது வேறு: காட்டவேண்டாம் என்று யார் முடிவெடுத்தது? நிஜக் கார்களின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்த உற்பத்தியாளர்களிடம் உரிமம் வாங்க வேண்டும். தங்கள் வண்டி நசுங்கிக் கிடப்பதைத் திரையில் பார்க்க அவர்கள் விரும்புவதில்லை என்பது பந்தய கேம் துறையில் பலரும் வெளிப்படையாகப் பேசிய விஷயம். 2004இல் இதே எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் இரண்டு பந்தய கேம்களை வெளியிட்டது. ஒன்று 'அண்டர்கிரவுண்ட் 2'. நிஜ நிறுவனங்களின் கார்கள்; நசுங்காது. இன்னொன்று 'பர்ன்அவுட் 3'. கற்பனைக் கார்கள், கண்ணாடி சிதறி, தகரம் கிழிந்து, சக்கரம் கழன்று பறக்கும். ஒரே பதிப்பாளர், ஒரே ஆண்டு. பெயர் உள்ள கார் உடையாது, பெயர் இல்லாத கார் உடையும். தொழில்நுட்பம் போதவில்லை என்ற சாக்கு இங்கே செல்லாது.

டொயோட்டாவின் கதை இன்னும் சுவாரஸ்யம். 2003இல் அண்டர்கிரவுண்டின் பட்டியலில் சுப்ரா இருந்தது. 2019இல் புதிய 'நீட் ஃபார் ஸ்பீட்' கேமில் டொயோட்டா ஏன் இல்லை என்று ரசிகர்கள் கேட்டபோது, நிறுவனத்தின் பிரிட்டன் கிளை, சட்டவிரோதத் தெருப் பந்தயத்தை ஊக்குவிக்காத வேறொரு கேமில் எங்கள் கார்கள் இருக்கின்றன என்ற பொருளில் டுவிட்டரில் பதில் போட்டது. பிறகு அதை நீக்கியது. பதினாறு ஆண்டுகளுக்கு முன்னால் அதே சட்டவிரோதப் பந்தயத்தில் அதே நிறுவனத்தின் கார் மின்னிக்கொண்டிருந்தபோது இந்த ஒழுக்கம் எங்கே போயிருந்தது?

உருவாக்கியவர்களின் பக்கமும் பார்க்க வேண்டும். 2003 முதல் 2008 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஆறு 'நீட் ஃபார் ஸ்பீட்' கேம்களை பிளாக் பாக்ஸ் குழுவே செய்தது. 2009இல் நிறுவனத்தின் அன்றைய தலைமை நிர்வாகி ஜான் ரிச்சிடெல்லோவே, ஓய்வில்லாமல் ஆண்டுதோறும் ஒரே குழுவை விரட்டியதை ஒப்புக்கொண்டார். 2013இல் அந்தக் குழு மூடப்பட்டது. அண்டர்கிரவுண்ட் 2 வெளியான அதே 2004 நவம்பரில், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஊழியர் ஒருவரின் இணையர் தன் பெயரைச் சொல்லாமல் இணையத்தில் ஒரு கடிதம் எழுதினார். வாரத்துக்கு ஏழு நாளும் வேலை, கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் இல்லை, மனிதர் வீட்டுக்கு வருவதே அபூர்வம் என்பது அதன் சாரம். அது கலிஃபோர்னியா ஊழியர்களைப் பற்றியது, வான்கூவரைப் பற்றியது அல்ல. அங்கே வரைகலைஞர்கள் தொடுத்த வழக்கு 1 கோடியே 56 லட்சம் டாலரில் தீர்ந்தது. இரவின் சுதந்திரத்தை விற்ற நிறுவனத்தில் ஊழியர்களின் இரவுகள் எங்கே போயின என்பதற்கு அந்த வழக்கு ஒரு பதில்.

கேம் வந்தபோது இதையெல்லாம் யாராவது பேசினார்களா? அன்றைய கேம் இதழ்களின் விமர்சனங்களைத் தேடிப் படித்தேன். வேக உணர்வு அபாரம், படங்கள் அருமை, ஒரே தெருக்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, முந்திச் சென்றாலும் எதிராளிகள் ரப்பர் கட்டியதுபோல ஒட்டிக்கொண்டே வருகிறார்கள். எல்லாம் சரி. துணி துவைக்கும் இயந்திரத்துக்கு மதிப்பெண் போடுவதுபோல. மறுபக்கம் நம் ஒழுக்கவாதிகள்; அவர்கள் விளையாடவே இல்லை. நடுவில் ரசிகர்கள், அதாவது நாங்கள். எங்களையும் நான் விடப்போவதில்லை.

2007இல் அதே குழு 'ப்ரோஸ்ட்ரீட்' என்ற கேமைக் கொண்டுவந்தது. தெருவை விட்டு, அனுமதி பெற்ற தடங்களில் பகலில் நடக்கும் பந்தயம். மோதினால் கார் நசுங்கும். மொத்தமாகச் சிதைந்தும் போகும். பழுது பார்க்கப் பந்தயத்தில் சம்பாதித்த காசைக் கொடுக்க வேண்டும். அதாவது அடிபட்டால் செலவு. ரசிகர்களில் பெரும்பகுதி அதை ஏற்கவில்லை. அந்த கேமுக்கு வேறு குறைகளும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் சைபர் கபேயில் நாங்கள் திட்டியது அந்தக் குறைகளுக்காக அல்ல. "மோதினா காசு போவுது மச்சான், போர்டா" என்றுதான். நானும் சொன்னேன். அடுத்த ஆண்டே அந்த வரிசை மறுபடி தெருவுக்கு, போலீஸ் துரத்தலுக்குத் திரும்பியது. விலையைக் காட்டியதும் நாங்கள் கடையை விட்டு வெளியேறினோம். உற்பத்தியாளரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாங்கள் வீட்டுக்குப் போக முடியாது.

இனி பெரியம்மா மகன்.

2011இல் அவருக்கு இருபத்தொரு வயது. டயர் கடையில் காலை எட்டிலிருந்து இரவு ஏழு வரை வேலை. ஞாயிறு பாதி நாள். தவணையில் வாங்கிய யமாஹா 125இசட். வெள்ளி இரவுகளில் கூட்டாளிகளோடு கூட்டரசு நெடுஞ்சாலைப் பக்கம் போவார். ஒரு வெள்ளி இரவு, ஷா ஆலாம் அருகே, இன்னொரு மோட்டாரின் கைப்பிடி இவர் கைப்பிடியில் சிக்கியது. வலது தொடை எலும்பு மூன்று துண்டு. அரசு மருத்துவமனையில் ஐந்து வாரம். உள்ளே வைத்த கம்பி இன்றைக்கும் இருக்கிறது. ஒரு கால் கொஞ்சம் குட்டை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "அந்த சைபர் கபேலதான் கெட்டுப் போனான்." பதினான்கு வயதில் நான் அந்தக் கட்டிலருகே நின்று அதைக் கேட்டேன். பெரியம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கு அந்த வாக்கியம் தேவைப்பட்டது. ஒரு தாய்க்குத் தேவைப்படலாம், மன்னிக்கலாம். ஓர் எழுத்தாளருக்கு ஏன் தேவைப்படுகிறது?

நான் இப்போது ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவுப் பொறியாளர். ஒரு மின்பலகை எரிந்துபோனால் எங்கள் வேலையில் பழி யார்மேல் என்பது கடைசிக் கேள்வி. எந்த உறுப்பு, எந்த வெப்பத்தில், எந்த வரிசையில் போனது என்று முதலில் எழுத வேண்டும். கண்ணில் முதலில் பட்ட உறுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு 'சரிசெய்தாயிற்று' என்று எழுதினால், அடுத்த வாரமே இன்னொரு பலகை எரியும். அண்ணன் விஷயத்தில் யாரும் எழுதாத பட்டியல் இது: வாரத்தில் தனக்கென்று இருந்த நேரம் வெள்ளி இரவு மட்டும். பள்ளியிலும் கடையிலும் கிடைக்காத மரியாதை அந்த நெடுஞ்சாலை ஓரத்தில் கிடைத்தது. அங்கே அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அவரோடு போன எட்டுப் பேரில் மூன்று பேர் வாழ்க்கையில் ஒரு கேமைத் தொட்டதில்லை. அப்படியானால் கேமுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. ஏற்கனவே இருந்த ஆசைக்கு அது ஒரு அழகான படம் போட்டுக் கொடுத்தது. அந்தப் படத்தில் எலும்பு என்ற பொருளே இல்லை. என் குற்றச்சாட்டு அவ்வளவுதான். அதைக் குறைக்கவும் மாட்டேன், 'கேம்தான் கொன்றது' என்று கூட்டவும் மாட்டேன்.

கடந்த தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பழைய மடிக்கணினியில் அண்டர்கிரவுண்டை ஏற்றிக்கொண்டு போனேன். அண்ணனுக்கு இப்போது முப்பத்தைந்து வயது, சொந்தமாக ஒரு சின்ன டயர் கடை. பலகாரத் தட்டை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். விரல் மறக்கவே இல்லை. முதல் மூன்று பந்தயமும் அவருக்கே. நான்காவதில் வேகத்தைக் குறைத்து, சாலையின் இருபக்கமும் பார்த்துக்கொண்டே ஓட்டினார். பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் முந்திப் போனார்கள்.

"என்னண்ணே, தூங்கிட்டீங்களா?"

"இல்லடா. இவ்ளோ வருஷமா கவனிக்கல பாரு. இந்த ஊர்ல எல்லாருக்கும் கராஜ் இருக்கு. ஒருத்தனுக்கும் வீடு இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாவும் இல்ல" என்றார். அடுப்படியில் பெரியம்மா முறுக்கு டப்பாவை மூடும் சத்தம் கேட்டது. அவர் கடைசியாக வந்து சேர்ந்து, கணினியை என் பக்கம் தள்ளிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

அண்டர்கிரவுண்டைப் பற்றி நான் தேடிப் படித்த எந்த விமர்சனத்திலும் இவ்வளவு துல்லியமான ஒரு வாக்கியத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திய, நம் இலக்கியக் கூட்டம் ஒன்றுக்கும் வராத, 'கெட்டுப் போனான்' என்று முத்திரை குத்தப்பட்ட ஒருவர் சொன்னது. இருப்பதைப் பார்த்து, இல்லாததைக் கண்டுபிடிப்பது. நாவலிலும் சினிமாவிலும் நாம் விமர்சனம் என்று அழைப்பது இதைத்தானே? மேடையில் இருந்தவரிடம் இல்லாதது இவரிடம் இருந்ததற்கு ஒரே காரணம், இவர் விளையாடியிருக்கிறார். அதற்கு மேல், விலையும் கொடுத்திருக்கிறார்.

எனக்குப் பயமாக இருப்பது ஒன்றுதான். இந்த நாட்டில் என் தலைமுறைத் தமிழர்கள் புத்தகத்தின் முன் செலவிட்டதைவிட அதிக மணி நேரம் இந்த மாதிரி நகரங்களில் வாழ்ந்திருக்கிறோம். அந்த நகரங்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது என்ன? திட்டு ஒரு பக்கம், 'டாப் டென்' பட்டியல் ஒரு பக்கம். எங்கள் இளமையின் பாதி, விமர்சனமே இல்லாத மொழியில் கடந்து போய்விட்டது. அதைக் கெட்டுப்போன பாதி என்று மற்றவர்கள் எழுதிவைப்பார்கள், நாமும் ஒருநாள் கட்டிலருகே நின்று தலையாட்டுவோம்.

எனவே இரண்டு வேண்டுகோள். இதை வாசிக்கும் என் வயதுக்காரர்களுக்கு: 'சும்மா கேம்தான்' என்று தப்பிக்காதீர்கள். உங்களை வளர்த்த ஒரு கேமை எடுத்து, அதில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை, ஏன் இல்லை என்று ஆயிரம் சொல்லில் எழுதுங்கள். மோசமாக எழுதினாலும் பரவாயில்லை, நானும் அப்படித்தான் தொடங்குகிறேன்.

அடுத்த கூட்டத்தில் மேடையேறப் போகும் மூத்தவர்களுக்கு: இரண்டு மணி நேரம் விளையாடிவிட்டு வந்து, அப்புறம் திட்டுங்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். மடிக்கணினி வேண்டுமென்றால் என்னுடையதைக் கொண்டுவருகிறேன். கற்றுக்கொடுக்க அண்ணனையும் கூட்டிவருகிறேன். ஞாயிறு மதியத்துக்கு மேல் என்றால் கடையைச் சாத்திவிட்டு வந்துவிடுவார்.